கறுப்பு விசிறி யாருக்கு

ஆரணி
14.7.2024

அன்புள்ள முத்துவுக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன வாரம் மனு போட்டுப் பார்க்க வந்தபோது நீ பேசியதில் பாதி என் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் அவ்வளவு சத்தமாக அழுதார். அதனால்தான் கடிதம். போனிலேயே பேசிப் பழகிய நமக்கு இது புதிது. நான் கடைசியாகக் கடிதம் எழுதியது எம்.ஃபில். படித்த காலத்தில்.

கடிதங்களை அங்கே ஆபீசில் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். வக்கீல் நெடுஞ்செழியன் சொன்னார். ஆகவே வீட்டுச் செய்தி, புத்தகச் செய்தி இரண்டோடு நிறுத்திக்கொள்வோம்.

தீர்ப்பு வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நம்பினோம். ஓர் உயிர் போயிருக்கிறது, அபராதம் போதாது என்று நீதிபதி ஒரு வருடம் போட்டுவிட்டார். நம் கார் மோதி இறந்த அந்தச் சின்னபொண்ணு, செய்யார் கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் ரோட்டோரம் நின்ற பெண். அவருடைய மகள் கோர்ட்டில் கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்பீல் வேலை நடப்பதாக அண்ணன் சொல்கிறார்.

நீ கேட்ட ஜப்பான் படக்கதை, 'வடகரைப் போர்', 18, 19ஆம் புத்தகங்களை அனுப்பியிருக்கிறேன். நாற்பதை நெருங்குகிறவன் படக்கதை கேட்கிறானே என்று அண்ணி சிரித்தார். எதையாவது படித்தால் சரி.

மழையில் நனையாதே. மூக்கடைப்புக்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
இளமதி

*

மத்திய சிறை, வேலூர்
2.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முத்துவேல் எழுதிக்கறது. நான் நல்லா இருக்கேன். மூக்கடைப்பு போயிடுச்சி. நீ, அண்ணன், அண்ணி எல்லாரும் சௌக்கியமா? கலையரசியும் மாப்பிள்ளையும் ஆடிக்கு வந்தாங்களா?

புக்கு வந்துச்சு. அதுல ஒரு காமெடி. ஜப்பான் புக்கு வலப்பக்கத்துலேருந்து இடப்பக்கம் படிக்கணும் இல்ல? செக்கிங்ல இருந்த சார் நம்ம பக்கமாத் திறந்து பார்த்துட்டு, "இன்னாய்யா, உங்க வீட்டுல ஏமாந்துட்டாங்க, கடைசிப் பக்கத்துலேருந்து தப்பா அச்சடிச்சிருக்கான், திருப்பிக் கொடுக்கச் சொல்லு"ன்னாரு. நான் வெளக்கிச் சொன்னதும் அவரே நாலு பக்கம் படிச்சிட்டு, "இதுல யாருப்பா ஹீரோ?"ன்னு கேட்டாரு.

உனக்கும் கதை தெரியாது, சொல்றேன். வடகரைன்னு ஒரு சின்ன நாடு. அந்த நாட்டுப் படையில பெரிய பதவி பெருந்தளபதி. பதவி கொடுக்கும்போது ராஜா கையால ஒரு கறுப்பு விசிறி கொடுப்பாரு. போர்க்களத்துல அதை ஆட்டினா அத்தனை படையும் நகரும். நாட்டுக்கே அந்த விசிறி வச்சிருக்கிறவங்க மூணு பேருதான். ஒருத்தர் செத்துட்டாரு, எடம் காலி. அதுக்கு ஹகுரோன்னு ஒரு தளபதி ஆசைப்படறான். சாதாரணக் குடும்பம்தான், கீழேருந்து ஏறி வந்தவன்.

பத்தொன்பதாவது புக்குல கெழட்டு மந்திரி சொல்றான், விசிறி வேணும்னா மூணு செஞ்சிருக்கணும். மூணு கோட்டை புடிச்சிருக்கணும். பேர் பெத்த எதிரித் தளபதி ஒருத்தனை நேருக்கு நேர் ஜெயிச்சிருக்கணும். தோத்த போர்லேருந்து தன் படையை முழுசா வீட்டுக்குக் கூட்டிகினு வந்திருக்கணும். ஹகுரோ முதல் ரெண்டையும் முடிச்சிட்டான். மூணாவதுதான் பாக்கி.

இங்க பிளாக்குல பதினோரு பேரு. சாயங்காலம் நான் படத்தைக் காமிச்சு காமிச்சு கதை சொல்றேன். சீரியல் மாதிரி ஆயிடுச்சி.

அப்பீல் இன்னா ஆச்சு அக்கா? அண்ணனை ஒரு தபா வந்து பார்க்கச் சொல்லு. 20, 21 அனுப்பு.

உன் தம்பி,
முத்து

*

ஆரணி
25.8.2024

அன்புள்ள முத்துவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துச் சிரித்தேன். வீட்டில் எல்லோரும் நலம். கலையரசி வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். சித்தப்பாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

புத்தகங்களை அனுப்பும் முன் நானும் படித்தேன். முன்கதை தெரிய வேண்டும் என்று முதலிலிருந்தே வாங்கிவிட்டேன். ஆங்கிலத்தில் என்னைவிட நீ மெதுவாகப் படிப்பாய், ஆனால் படத்தை என்னைவிட வேகமாகப் படிக்கிறாய் என்று புரிந்தது. ஒரு கண்ணை மட்டும் வரைந்து அதில் பயத்தைக் காட்டிவிடுகிறார்கள்.

அந்த மந்திரியின் மூன்று நிபந்தனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருபத்திரண்டு வருடமாக வரலாறு நடத்துகிறேன். தகுதி பார்த்துப் பட்டம் கொடுத்ததை விட, பட்டம் கொடுத்துவிட்டுத் தகுதி எழுதியதுதான் அதிகம். நம் ராஜாக்களின் மெய்க்கீர்த்திகளில் தோற்ற போர் எங்காவது இருக்கிறதா, சொல்? ராஜாவுக்கு ஒரு வெற்றி தேவைப்படும் நேரத்தில் யார் பக்கத்தில் நிற்கிறானோ அவனுக்கு விசிறி.

கதையில் எனக்குப் பிடித்தது படையோடு போகும் அந்தக் குறிப்பெழுதும் பெண், சியோ. யாரோடும் பேசுவதில்லை. குன்றின் மேல் உட்கார்ந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறாள்.

அண்ணனுக்கு ஆவணி முகூர்த்த வேலை. பட்டுக்கடையில் நிற்க இடமில்லை. ஓய்ந்ததும் வருவார். அப்பீலைப் பற்றிக் கேட்டேன். வக்கீல் பார்த்துக்கொள்கிறார் என்றார்.

20, 21 இத்துடன். வெயிலும் மழையும் மாறி மாறி வருகிறது, தண்ணீர் நிறையக் குடி.

அன்புடன்,
இளமதி

*

வேலூர்
15.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்கு? காலேஜுக்கு பஸ்ல நின்னுகினே போகாத.

உனக்கு சியோவைத்தான் புடிக்கும்னு எனக்குத் தெரியும். பார்த்ததுக்கு மேல ஒரு வார்த்தை எழுத மாட்டா. நீ அப்படித்தானே. சின்ன வயசுல நான் கண்ணாடிய உடைச்சப்போ அப்பா கேட்டாரு, நீ "உடைஞ்சதைப் பார்த்தேன், உடைச்சதைப் பார்க்கல"ன்ன. அடி வாங்காம தப்பிச்சேன். இங்க கூட எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருப்பேன், எங்க அக்கா பொய்யே சொல்லாதுன்னு.

இருபத்தொண்ணு படிச்சதும் பிளாக்குல ஒரே சண்டை. ஹகுரோ தோத்துட்டான், இல்ல? எதிரி துரத்திகினு வர்றான். ஆத்துல ஒரே ஒரு மரப்பாலம். படை பூரா தாண்டுற வரைக்கும் யாராவது பாலத்தைப் புடிச்சிகினு நிக்கணும். அவன்கூடவே வளர்ந்த இசாமு, முந்நூறு பேரோட நான் நிக்கிறேன்னுட்டான். ஹகுரோ அவன் கையைப் புடிச்சிகினு, "மூணே நாள். ஆத்துல இன்னும் மேல எறங்கித் தாண்டுற துறை ஒண்ணு இருக்கு, சுத்தி வந்து உன்னைக் கூட்டிகினு போறேன்"னு சத்தியம் பண்றான்.

வெம்பாக்கத்து அருள்தாஸ், நிலத் தகராறுல வந்தவரு, அவரு சொல்றாரு: "தோத்துட்டு ஓடியாறவனுக்கு எதுக்குப்பா பட்டம்?" அதுக்கு அருணாச்சலம் பெருசு, "அட போடா. ஜெயிக்கிறப்போ எவன் கூப்பிட்டாலும் கூட வருவான். தோக்குறப்போ கூட்டிகினு வரணும், அதான்டா வேலை"ன்னாரு. ஓட்டு போட்டோம். ஹகுரோ திரும்பி வருவான்னு எட்டுப் பேரு. வர மாட்டான்னு மூணு. எட்டுல நானும் ஒருத்தன்.

முந்நூறு பேரையும் கூட்டிகினு வந்தாத்தானே படை முழுசு? அதனால வந்துதான் ஆகணும். கணக்கு அதான்.

அக்கா, அப்பீலுக்கு முப்பது நாள்தான் டைம்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. அது போய் ரெண்டு மாசம் ஆவுது. அண்ணனை ஜல்தியா ஒரு தபா வரச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம், மூஞ்சியப் பார்த்தாப் போதும்.

22, 23 ரெண்டும் சேர்த்து அனுப்பிடு. இல்லன்னா இங்க என்னைக் கொன்னுடுவாங்க.

உன் தம்பி,
முத்து

*

ஆரணி
20.10.2024

அன்புள்ள முத்துவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பருவத் தேர்வு விடைத்தாள். உடம்பு பரவாயில்லை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அண்ணன் பட்டு வியாபாரிகள் சங்கத் தலைவராக வந்திருக்கிறார். எதிர்த்து நின்றவர் கடைசி நாளில் விலகிக்கொண்டார். சென்ற ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. காந்தி ரோடு முழுக்கப் பேனர். ஒன்றில் 'பட்டு உலகின் தளபதியே' என்று போட்டிருந்தார்கள். நீ பார்த்தால் சிரித்திருப்பாய்.

22ஆம் புத்தகத்தை அனுப்புகிறேன். 23 கடையில் இல்லை என்கிறார்கள். வந்ததும் பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இளமதி

*

வேலூர்
9.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்க எல்லாரும் நலமா இருக்கணும்.

அண்ணனுக்கு என் வாழ்த்தைச் சொல்லு. பேனர் மேட்டரை இங்க சொன்னேன், அருள்தாஸ் உருண்டு உருண்டு சிரிச்சாரு. "அப்ப உங்க அண்ணனுக்கு விசிறி கொடுத்துட்டாங்க"ன்னாரு. நானும் சிரிச்சேன்.

இந்த அஞ்சு மாசத்துல நீ ரெண்டு தபா மனு பார்க்க வந்த. அண்ணன் ஒரு தபா கூட வரல. தீபாவளிக்கு எல்லாருக்கும் வீட்டுலேருந்து யாராவது வந்தாங்க.

இருபத்திரண்டு படிச்சாச்சு. ஹகுரோ ஆத்தைத் தாண்டிட்டான். இசாமு பாலத்துல ரெண்டாவது நாள். 23 எப்படியாவது பாரு அக்கா. சென்னையில கிடைக்கும்.

முத்து

*

1.12.2024

அக்கா,

இந்தக் கடுதாசி ஆபீஸ் வழியா வரல. அருள்தாஸுக்கு விடுதலை. உன் கையிலதான் கொடுப்பேன்னு சொல்லியிருக்காரு. நல்ல மனுஷன், சாப்பாடு போட்டு அனுப்பு. அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால பயப்படாத.

உன்கிட்ட மறைச்ச ஒண்ணைச் சொல்லிடறேன். போன வருஷம் தை மாசம், அன்னிக்கு அந்தக் காரை நான் ஓட்டல. நான் கடை குடோன்ல வேனுக்கு லோடு ஏத்திகினு இருந்தேன். சேத்துப்பட்டுல கல்யாணப் பத்திரிகை வச்சிட்டு ராத்திரி தங்கி, விடியக்காலம் அண்ணன்தான் தனியா ஓட்டிகினு வந்தாரு. கண்ணு அசந்துடுச்சின்னாரு. ஆறரை மணிக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாரு. கலையரசி கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்துச்சு. "நான் உள்ள போனா கல்யாணம் நின்னுடும்டா. உனக்குப் பொண்டாட்டியா புள்ளையா?"ன்னாரு. நான் சரின்னுட்டேன்.

கேஸு நடந்து கோர்ட்டுல ஒத்துக்கறதுக்கு முன்னால திரும்பவும் பயமா இருந்துச்சு. என்னைப் படவேட்டுக்குக் கூட்டிகினு போனாரு. ரேணுகாம்பாள் சந்நிதியில கற்பூரத்தைக் கையால அணைச்சு சத்தியம் பண்ணாரு. ஃபைன்தான் போடுவாங்க, அப்படியே உள்ள போட்டாலும் முப்பது நாளைக்குள்ள அப்பீல் போட்டு எடுத்துடறேன்னு. அந்தக் கை கொப்புளிச்சிப் போச்சு. அதை நான் பார்த்தேன், அதனால நம்பினேன்.

உனக்குத் தெரியக் கூடாதுன்னு அண்ணனும் நானும் பேசி வச்சிகினோம். "மதிக்குத் தெரிஞ்சா விடாது, நேரா ஸ்டேஷனுக்குப் போயிடும். நல்லவேளை, அது மாடியில தூங்கிகினு இருந்துச்சு"ன்னாரு. அதனாலதான் உன்னை மனுவுல பார்க்கும்போதெல்லாம் மூஞ்சியைத் திருப்பிப் பேசினேன்.

இப்ப ஏன் சொல்றேன்னா, எனக்கு இங்க ஒரே பேஜாரா இருக்கு. அண்ணன் வருவாரா மாட்டாரா, அதை மட்டும் கேட்டுச் சொல்லு. நீ கேட்டா அவரு பொய் சொல்ல முடியாது.

முத்து

*

ஆரணி
15.12.2024

அன்புள்ள முத்துவுக்கு,

நலமா? இங்கே பனி அதிகம். அருள்தாஸ் வந்தார். சாப்பிட வைத்து அனுப்பினேன். நீ கொடுத்தனுப்பியது கிடைத்தது. முழுவதும் படித்தேன்.

அண்ணனிடம் கேட்டேன். நெடுஞ்செழியனையும் பார்த்தேன். நீ காத்திருக்கக் கூடாது என்பதால் உள்ளதைச் சொல்கிறேன். அப்பீல் போடவே இல்லை. தீர்ப்பு வந்த அன்றே அந்தக் கோர்ட்டிலேயே மனு கொடுத்திருந்தால் அன்றைக்கே ஜாமீன் கிடைத்திருக்குமாம். "சார் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார், சங்க எலெக்‌ஷன் நேரத்தில் கேஸைக் கிளற வேண்டாம் என்றார்" என்கிறார் வக்கீல். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "இன்னும் ஆறு மாசம்தானே மதி, அவன் உள்ளே போனதுதான் போனான்" என்றார்.

செய்யாரில் வக்கீல் சாவித்திரி என்று ஒருவர் இருக்கிறார். என்னிடம் படித்தவர். தாமதத்தை மன்னிக்கக் கோரி இப்போதும் அப்பீல் போடலாம் என்கிறார். வக்காலத்துப் படிவத்தை வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, ஜெயிலர் சான்றோடு அனுப்பு.

24ஆம் புத்தகத்தையும் அனுப்பியிருக்கிறேன். 23 இன்னும் கிடைக்கவில்லை. அதை விட்டுவிட்டுப் படித்தாலும் கதை புரியும்.

கம்பளியை வைத்துக்கொள்.

அன்புடன்,
இளமதி

*

வேலூர்
5.1.2025

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன்.

24ஐ நான் திறக்கல. 23ஆம் புக்கு வந்துடுச்சி. அருள்தாஸ் வாங்கிகினு வந்து மனுவுல கொடுத்தாரு. அவருக்கு அட்டையில எழுதியிருக்கிறது படிக்கத் தெரியாது. பேரனோட போன்ல என்னோட பழைய புக்கு படத்தைக் காமிச்சு, இதுக்கு அடுத்தது வேணும்னு கேட்டிருக்காரு. ரெண்டு நாள்ல வீட்டுக்கே வந்துடுச்சாம். உனக்கு மூணு மாசமாக் கிடைக்கல.

உனக்குக் கதை தெரியும். நீ எனக்கு முன்னாடியே படிக்கிற ஆளு. இருந்தாலும் சொல்றேன்.

ஹகுரோ திரும்பி வரல. அது கூட எனக்குப் பெரிசா அதிர்ச்சி இல்ல. ஓட்டுல தோத்தேன், அவ்வளவுதான். ஆனா முந்நூறு பேரை விட்டுட்டு வந்தவனுக்கு எப்படி விசிறி கொடுத்தாங்க? மூணாவது நிபந்தனை படை முழுசா வரணும்னுதானே? அங்கதான் சியோ வர்றா. ராஜா சபையில ஹகுரோ சொல்றான், பாலம் முதல் நாளே விழுந்துடுச்சி, அந்த முந்நூறு பேரும் போர் முடியறதுக்கு முன்னாடியே செத்துட்டாங்க, மிச்சப் படையை முழுசா கூட்டிகினு வந்துட்டேன்னு. சியோ அங்கதான் நிக்கிறா, கையில குறிப்போட. நாலாவது நாள் வரைக்கும் குன்னு மேலேருந்து அவ பார்த்திருக்கா. பாலத்துல இசாமு கொடி பறந்துகினுதான் இருந்துச்சு. பக்கத்தைப் புரட்டினா அவ கண்ணை மட்டும் பெருசா வரைஞ்சிருக்காங்க. அவ பொய் சொல்லல. யாரும் அவளைக் கேக்கல. அவளும் சொல்லல. அடுத்த பக்கத்துல விசிறி.

இந்தப் புக்கை நீ ஏன் மறைச்சேன்னு ரெண்டு நாளா யோசிச்சேன். ஹகுரோ வரலன்னு தெரிஞ்சா நான் மனசு விட்டுடுவேன்னு மறைச்சிருப்பேன்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் உன் கடுதாசியை எடுத்துத் திரும்பப் படிச்சேன்.

நான் அவ்வளவு பெரிய விஷயத்தை எழுதியிருக்கேன். நீ 'கிடைத்தது, படித்தேன்'னு எழுதியிருக்க. அய்யோன்னு ஒரு வார்த்தை இல்ல. ஏன்டா என்கிட்ட மறைச்சேன்னு ஒரு திட்டு இல்ல. நேரா வக்காலத்துக்குப் போயிட்ட. உனக்கு ஆச்சரியமே இல்லையே அக்கா.

நம்ம வீட்டு கேட்டுக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள். அந்த வாரம் அண்ணியும் கலையரசியும் மெட்ராஸுல இருந்தாங்க. நான் ஆறரைக்கு வந்தப்போ கார் உள்ள நின்னுச்சு. கேட்டைத் திறந்தது யாரு?

முத்துவேல்

*

ஆரணி
2.2.2025

அன்புள்ள முத்து,

இதை அருள்தாஸிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆபீஸ் வழியாக எழுதக்கூடியது அல்ல. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

நான்தான் திறந்தேன்.

விடியற்காலை ஐந்து இருபதுக்கு ஹாரன் இரண்டு முறை கேட்டது. இறங்கி வந்து கேட்டைத் திறந்தேன். அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்தார். காரில் வேறு யாரும் இல்லை. இடப்பக்க விளக்கு உடைந்திருந்தது. இறங்கிய பிறகும் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த அவருக்குக் கை வரவில்லை. நான்தான் குனிந்து நிறுத்தினேன். "மதி, நீ மேலே போ" என்றார். போனேன். ஏழு பத்து பஸ்ஸில் காலேஜுக்குப் போனேன். அந்த இடத்தை பஸ் தாண்டும்போது போலீஸ்காரர் சாலையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்தபோது நீ ஸ்டேஷனில் இருந்தாய்.

போலீஸ் என்னைக் கேட்கவில்லை. வக்கீல் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையும்கூட. கல்யாணம் முடியட்டும் என்று முதலில் இருந்தேன். பிறகு, அபராதம்தானே என்று இருந்தேன். நீ சம்மதித்துத்தானே செய்தாய், உன் முடிவில் நான் யார் தலையிட என்று அதன்பிறகு. எனக்குத் தெரியாது என்று நீ நம்பியது எனக்கு வசதியாக இருந்தது. உன் டிசம்பர் கடிதத்தைப் படித்துத்தான், நீ என்னிடமிருந்து மறைத்ததே என்மேல் வைத்த மரியாதையால் என்று தெரிந்தது.

அண்ணன் பாராட்டு விழாவில் பேசியவர்கள், தம்பி செய்த தவறுக்காக அந்தப் பெண்ணின் குடும்பத்தைத் தேடிப் போய் ஆறுதல் சொன்ன பெரிய மனசு என்று அவரைப் புகழ்ந்தார்கள். கைதட்டல் வெகுநேரம் இருந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். தட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் 23ஐப் படித்தேன். அதை உன் கையில் கொடுக்க என்னால் முடியவில்லை.

இப்போது என்னால் ஆகக்கூடியதைச் சொல்கிறேன். சாவித்திரியிடம் பேசிவிட்டேன். உன் அப்பீலோடு, நான் பார்த்ததை அஃபிடவிட்டாகக் கொடுக்கத் தயார். நீ வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இளமதி

*

மத்திய சிறை, வேலூர்
2.3.2025

அக்காவுக்கு,

உடம்பு நல்லா இருக்கு.

வக்காலத்தைத் திருப்பி அனுப்பிட்டேன். கையெழுத்துப் போடல. நன்னடத்தைக் கழிவு போக எனக்கு இன்னும் ரெண்டு மாசம்தான். அப்பீலுக்கு அதுக்குள்ள கோர்ட்டுல நம்பர் கூட விழாதுன்னு இங்க சொல்றாங்க. ஆனா காரணம் அது இல்ல.

நான் கையெழுத்துப் போட்டாத்தான் நீ பார்த்ததைச் சொல்லுவேங்கற. அப்ப இதையும் நான்தான் தூக்கணுமா? நாளைக்கு அண்ணன் உள்ள போனா, முத்து போட்ட கேஸுன்னுதானே பேசுவாங்க? நீ அப்பவும் குன்னு மேலதான் நிப்ப.

பிளாக்குல மறுபடி பேசினோம், ஹகுரோவுக்கு விசிறி எதனால கிடைச்சுதுன்னு. மூணு கோட்டையாலன்னு ஒருத்தன். இசாமு நின்னதாலன்னு ரெண்டு பேரு. அருணாச்சலம் பெருசு புக்கை வாங்கி அந்தக் கண்ணு படத்தைப் பார்த்தாரு. அப்புறம், "இசாமு நின்னது ஹகுரோவோட உசுரைத்தான் காப்பாத்திச்சு. விசிறி வாங்கிக் கொடுத்தது அந்தப் பொம்பளை"ன்னாரு. நான் அதுக்கு மேல அங்க உக்காரல.

அண்ணன்மேல எனக்குக் கோவம் இருக்கு. ஆனா அவரை நான் தெரிஞ்சுதான் நம்பினேன். அவரு பயந்தவரு. உன்னை நான் அப்படி நம்பல. உனக்குத் தெரிஞ்சிருந்தா இது நடந்திருக்காதுன்னு நெனச்சிகினேதான் இத்தினி மாசம் படுத்தேன் எழுந்தேன். அது ஒண்ணுதான் எனக்கு இங்க இருந்துச்சு.

இந்தக் கடுதாசி ஆபீஸ் வழியாத்தான் வருது. ஆபீஸ் சீல் இருக்கு, பார்த்துக்க. படிக்கிற சாரும் படிக்கட்டும். நான் கோர்ட்டுல பொய் சொன்னதுக்கு இன்னா உண்டோ அதை நான் வாங்கிக்கறேன்.

யாரும் கேக்கல, கேட்டா சொல்லியிருப்பேன்னு எழுதியிருக்க. சரி. நான் கேக்கறேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி தை மாசம், விடியக்காலம் அஞ்சு இருபதுக்கு, அந்தக் காரை ஓட்டிகினு வந்தது யாரு?

பதிலை எனக்கு எழுதாத. எனக்குத் தெரியும். சின்னபொண்ணு வீடு நீ காலேஜுக்குப் போற வழியிலதான் இருக்கு, மூணாவது ஸ்டாப்பிங். அவங்க பொண்ணு இருக்கும். அவகிட்ட போய்ச் சொல்லு. அதுக்கு என் கையெழுத்து வேணாம்.

இங்கேருந்து நான் வெளிய வர்ற அன்னிக்கு அருள்தாஸ் வர்றேன்னு சொல்லியிருக்காரு. நீங்க யாரும் வர வேணாம்.

23ஐ உனக்கு அனுப்பியிருக்கேன். உங்கிட்ட இருக்கிறது தனி, இது அருள்தாஸ் வாங்கினது. ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும்.

முத்துவேல்